நம்பர் இல்லாத வெயிட்டிங் லிஸ்ட்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. இரண்டு மாதமாக ஐஸ் மீனையும் கருவாட்டையும் வைத்து ஒப்பேற்றிய பட்டணம் மொத்தமும் அன்று காலை அங்கே வந்து நின்றதுபோல் இருந்தது. தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். செருப்புக்குள் சில்லென்று ஏறியது.

நான் குனிந்து ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவுள் நல்ல சிவப்பு. கண்ணும் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் பார்த்தவுடன் சரி என்று சொல்லிவிட்டால் விற்கிறவளுக்கே நம்மேல் மதிப்பு இருக்காது.

"இன்னா யக்கா, செவுள்ல ஜோசியமா பாக்குற? காலைல வந்த மாலு. எடுத்துகினு போ" என்றாள் மீன்காரி.

கூடையோடு பக்கத்தில் நின்றிருந்த என் மகள் கீர்த்தனாவின் செல்போன் அப்போதுதான் சின்னதாக ஒலித்தது.

எடுத்துப் பார்த்தாள். படித்தாள். கட்டைவிரலால் தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு போனைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் நெத்திலியும் வாங்கலாமா?" என்றாள்.

"இன்னாடி மெசேஜு?"

"ஒண்ணுமில்லமா."

பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிற முகம். ஜுரம் வரப்போகிறது என்றால் முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிடும். பொய் சொன்னால் இடது காது சிவக்கும். அன்றைக்குக் காது சிவக்கவில்லை. கண் கலங்கவில்லை. உதட்டில் சிரிப்பும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது முகம்.

எந்தச் செய்திக்காக எங்கள் வீடு மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததோ, அது வந்துவிட்டது என்று மட்டும் என் வயிறு சொன்னது. கிடைத்ததா இல்லையா என்பதை வயிறு சொல்லவில்லை.

ஆளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறவர்கள்

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என் கணவர் தனசேகர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஓடுகிற வண்டி. ஓடுகிற வண்டி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான்; பாதி நாள் வரிசையில் நிற்கிற வண்டி. எங்கள் சந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் போய் முடியும். சாலையைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கரை. அதற்கப்பால் கடல்.

கீர்த்தனா ஒரே பெண். பத்தாவது படிக்கும்போது சனிக்கிழமைகளில் ராயபுரத்தில் ஒரு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். ரேவதி மேடம் என்று ஒருவர். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நண்பர்களோடு சேர்ந்து, படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சும்மாவே சொல்லிக் கொடுத்தார்கள்.

பிளஸ் டூ தொடங்கிய புதிதில் ஒருநாள் ரேவதி மேடம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இருக்கின்றனவாம். உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பம் போடுவார்களாம். ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்களாம். எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குகிற இடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"மார்க் எவ்ளோ வேணும் மேடம்?" என்று கேட்டேன்.

"மார்க்கும் வேணும்க்கா. ஆனா அதை மட்டும் வெச்சு எடுக்க மாட்டாங்க."

"அப்போ இன்னாத்த வெச்சு எடுப்பாங்க?"

"ஆளை வெச்சு. இவ எப்படிப்பட்ட பொண்ணு, எதை யோசிக்கிறா, அங்க வந்தா என்ன பண்ணுவான்னு பாப்பாங்க."

"பாக்கறதுக்கு இங்க வருவாங்களா?"

"இல்லக்கா. இவதான் எழுதி அனுப்பணும்."

அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த தனசேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளப் பாக்காமயே ஆளப் பாத்து எடுப்பானா? இன்னா மேடம், பேஜாரான கேஸா கீதே!"

ரேவதி மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. மார்க் என்றால் எனக்குப் புரியும். எத்தனைக்கு எத்தனை என்று கேட்கலாம், குறைந்தால் திட்டலாம். 'எப்படிப்பட்ட பொண்ணு' என்பதற்கு எத்தனை மார்க் வாங்கினால் பாஸ்?

நாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை

அவள் என்ன எழுதினாள் என்று எங்களுக்குத் தெரியவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இங்கிலீஷில் எழுதியதை அவளே தமிழில் சொல்லிக் காட்டினாள்.

மொட்டைமாடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தன்னால் சொல்ல முடியும் என்று ஆரம்பித்திருந்தாள். மேற்கே மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து அடித்தால் தீக்குச்சி கிழித்த வாடை. வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து வந்தால் வாடையே இருக்காது, தொண்டை மட்டும் காயும், கொடியில் போட்ட துணியில் சாம்பல் உட்காரும். கிழக்கிலிருந்து வந்தால் உப்பும் ஈர வலையும். சின்ன வயதில் அம்மாவிடம், 'இது யாரு மூச்சு விடறது?' என்று கேட்பேன், அம்மா 'பேசாம தூங்குடி' என்பாள் என்று என்னையும் அதில் சேர்த்திருந்தாள். காற்றில் என்ன இருக்கிறது என்று படிக்கத்தான் ஆசை என்று முடித்திருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன்டி, அமெரிக்காகாரன் கிட்ட போயி நம்ம ஊரு நாத்தத்தையா எழுதி வெச்சிருக்கே? கலெக்டர் கையால பிரைஸ் வாங்கினியே, அத்த எழுதறதுதானே?"

"அதை எல்லாரும் எழுதுவாங்கமா. பிரைஸ் வாங்காதவ அப்ளை பண்ணவே மாட்டா."

"அதுக்காக கலீஜா எழுதுவியா?"

"கலீஜ் இல்லமா. உண்மை."

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வாடைக்கு எதிராக நான் செய்யாத யுத்தம் இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, ஜன்னலுக்கு ஈரத்துணி. விருந்தாளி வருகிற நாளில் மேற்குக் காற்று அடித்தால் எனக்கு அழுகை வரும். அதைப் போய் இவள் கடல் தாண்டி எழுதி அனுப்புகிறாள். வெட்கமாகவும் இருந்தது. 'பேசாம தூங்குடி' என்று நான் சொன்னதை இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று என்னவோ போலவும் இருந்தது.

மிஸ் தனசேகர்

விண்ணப்பித்த இடங்களில் ஒன்றிலிருந்து நேர்முகம் வைத்தார்கள். போனில்தான், முகம் பார்த்துப் பேசுவது. அங்கே படித்து முடித்த ஓர் அம்மாள் பேசுவார் என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். உள்ளறையில் நீலப் புடவை ஒன்றைச் சுவரில் திரையாகக் கட்டி, அதற்கு முன்னால் கீர்த்தனா உட்கார்ந்தாள். நான் விசில் வரப்போகிற நேரத்தில் குக்கரை இறக்கி வைத்தேன். தனசேகர் கதவுக்கு வெளியே குந்திக்கொண்டார்.

போனிலிருந்து குரல் வந்தது. "ஹலோ, மிஸ் தனசேகர்?"

இவர் துள்ளி எழுந்தார். "இன்னாத்துக்கு என்னியக் கூப்புடறாங்க?"

நான் அவர் வாயைப் பொத்தி உட்கார வைத்தேன். விண்ணப்பத்தில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்டார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டிருந்தாள். அதனால் அவர்களைப் பொறுத்தவரை அவள்தான் தனசேகர். அன்றைக்கு முழுவதும் அந்த மனுஷன் முகத்தில் ஒரு பெருமை. தன் பெயர் தன்னை விட்டுவிட்டு அமெரிக்காவரை போய் வருகிறதே என்று.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சாலையில் ஹாரன். துறைமுகத்தில் கேட் அடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, டிரெய்லர்கள் வால் நீண்டு எங்கள் சந்து முனை வரைக்கும் வந்து நின்றுவிட்டன. ஒருவன் அடித்தால் அடுத்தவன் அடிப்பான். உள்ளே கீர்த்தனா, "சாரி, குட் யூ ரிப்பீட் தட்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரல் லேசாக உடைந்தது.

தனசேகர் பனியனோடு எழுந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்து முனையில் நின்ற வண்டியின் கதவைத் தட்டினார்.

"மச்சான், எம் பொண்ணு அமெரிக்காகாரங்ககிட்ட பேசிகினு கீது. கொஞ்ச நேரம் ஹாரன்ல கை வெக்காத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"இன்னா தனா, உதாரா?"

"மெய்யாலுமேடா. எஞ்சினையும் ஆஃப் பண்ணிடு."

அடுத்த வண்டி. அதற்கடுத்தது. பின்னால் நின்றவர்களில் தெரியாதவர்களும் இருந்திருப்பார்கள். வடக்கத்தி டிரைவர்களிடம் கையைக் காதில் வைத்து, உதட்டில் விரல் வைத்து, வானத்தைக் காட்டி என்னவோ அபிநயம் பிடித்தார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ. யார் வீட்டிலோ சாவு என்று நினைத்துக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றாக எஞ்சின் அடங்கியது.

அந்த வீட்டுக்குள் இருந்தபடி அலைச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அத்தனை கிட்டத்தில் கடல் இருந்திருக்கிறது.

பேசி முடித்து வந்த கீர்த்தனாவிடம், "இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"கடைசியா, பின்னாடி ஒரு சத்தம் கேக்குதே, அது கடலான்னு கேட்டாங்கமா."

"இது பாஸா பெயிலா?"

"தெரியலமா."

வருந்துகிறோம்

முடிவுகள் பங்குனி வெயிலில் வர ஆரம்பித்தன. அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது அவள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் ஒன்று. நான்கு நாள் கழித்து இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. எல்லாவற்றிலும் முதல் வரியிலேயே 'ரிக்ரெட்' என்ற வார்த்தை இருக்கும். வருந்துகிறோம். எழுத்துக் கூட்டி அந்த ஒரு வார்த்தையை நானே அடையாளம் காணப் பழகிக்கொண்டேன்.

"இவங்க இன்னாத்துக்கு வருத்தப்படணும்? வருத்தப்படறவன் எடுத்துக்க வேண்டியதுதானே?" என்பார் தனசேகர்.

நேர்முகம் வைத்தார்களே, அந்த இடத்திலிருந்து கடைசியாக வந்தது. அதில் 'ரிக்ரெட்' இல்லை. நான் இரண்டு தடவை தேடினேன். இல்லை.

"கெடச்சிடுச்சா?" என்று கத்தினேன்.

கீர்த்தனா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாத ஓர் ஆட்டல். "வெயிட்டிங் லிஸ்ட்மா."

தனசேகர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட் அவருக்குத் தெரிந்த விஷயம். "அட, அவ்ளோதானா! நம்பர் எவ்ளோ?"

"நம்பர் சொல்ல மாட்டாங்க நைனா." எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது.

"நம்பர் சொல்ல மாட்டானா? முன்னாடி எத்தினி பேரு கீறாங்கன்னு?"

"சொல்ல மாட்டாங்க."

"எப்போ கன்ஃபார்ம் ஆவும்?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். யாராவது வேணாம்னு சொன்னா, அந்த இடத்துக்கு ஏத்த ஆளை இதுல இருந்து எடுப்பாங்களாம்."

"சார்ட் எப்பதான் போடுவான்?"

"நைனா, இது டிரெயின் இல்ல."

"நம்பர் இல்லாத வெயிட்டிங் லிஸ்ட்டு. இன்னா கலாட்டாடா இது!"

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் ஒரு காலத்தில் நம்பர் உள்ள வரிசையில் நின்றவள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எங்கள் வயதுப் பெண்கள் எல்லோரும் செய்தது அதுதான். தவறாமல் போய்ப் புதுப்பிப்பேன். என் பதிவு மூப்பு எத்தனை, போன தடவை எதுவரைக்கும் கூப்பிட்டார்கள், எனக்கு முன்னால் ஏறக்குறைய எத்தனை பேர், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். நடுவில் கல்யாணம் வந்தது, கீர்த்தனா வந்தாள். எப்போது நான் வாசலுக்கு வருவதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. கிடைக்காது என்று யாரும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அதுதான் அதில் உள்ள கஷ்டம். இல்லை என்று சொல்லிவிட்டால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

என் மகளும் அந்த மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறாளோ என்று பயமாக இருந்தது.

அட்வான்ஸ் வாழ்த்து

தனசேகர் சும்மா இருந்திருக்கலாம். கூட வண்டி ஓட்டுகிற குமாரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாள் சந்து முனையில் பேனர். 'அமெரிக்கா செல்லும் எங்கள் அன்புத் தங்கையை வாழ்த்துகிறோம்.' பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்த கீர்த்தனாவின் படம், பின்னால் ஒரு விமானம், ஓரத்தில் அவளைவிடப் பெரிதாகக் குமார் கும்பிட்டபடி.

கீர்த்தனா அன்றைக்கு ரேவதி மேடம் வகுப்புக்குப் போகவில்லை. "வெயிட்டிங் லிஸ்ட்டுக்கெல்லாம் யாராச்சும் பேனர் வெப்பாங்களா நைனா?" என்று அழுதாள்.

குமாரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அட்வான்ஸ் வாழ்த்துமா. எப்டியும் போவத்தானே போவுது" என்றான்.

கெஞ்சிக் கழற்ற வைத்தோம். கழற்றிய பேனரைப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா வெயில் மறைப்பாகத் தன் மாடியில் கட்டிக்கொண்டார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் விமானத்தின் வால் மட்டும் தெரியும்.

ஆனால் செய்தியைக் கழற்ற முடியவில்லை. ரேஷன் கடையில் மல்லிகா அக்கா பிடித்துக்கொண்டார்.

"எப்போ கெளம்புது பொண்ணு?"

"இன்னும் தெரியலக்கா."

"ஏன், கெடைக்கலியா?"

"கெடைக்கலன்னு சொல்ல முடியாது."

"அப்ப கெடச்சிடுச்சா?"

"அப்டியும் சொல்ல முடியாது."

"இன்னாம்மா, நீயும் கொயம்பிகினு என்னையும் கொயப்பறே!"

அவர் சொன்னது நிஜம். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். அம்மன் முன்னால் கண்ணை மூடுவேன். கிடைக்கவேண்டும் என்று கேட்க வாய் திறந்தால், விமானம், பனி, யாரும் இல்லாத ஓர் அறையில் ஜுரத்தோடு படுத்திருக்கிற என் பெண் என்று எல்லாம் கண்ணில் வரும். கிடைக்கக்கூடாது என்று கேட்கலாமா? எந்தத் தாய் அப்படிக் கேட்பாள்? பின்னால் நிற்பவர்கள் 'நகருங்கம்மா' என்பார்கள். எதுவும் கேட்காமல் குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வேதியியலில் இடம் கிடைத்தது. போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் அரை மணி நேரம். மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் போதும். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அவளும் அமெரிக்காவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு தடவை போட்ட உப்பு

காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். மீன் கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவள் கடலைப் பார்த்தபடி வந்தாள். நான் அவளைப் பார்த்தபடி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்துவைத்து நெத்திலி ஆய உட்கார்ந்தாள். கூப்பிட்டாலும் வராத வேலைக்குத் தானாக வந்து உட்கார்ந்தது எனக்கு இன்னும் உதறலாக இருந்தது. கிடைக்கவில்லை என்றால் ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறாள்? கிடைத்துவிட்டது என்றால் ஏன் குதிக்கவில்லை?

வேண்டுமென்றே திட்டிப் பார்த்தேன். "தலையை மட்டும் கிள்ளுன்னா பாதி மீனையே கிள்றியே!" அவள் சிரித்தாள். நிஜமான சிரிப்பு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பின்பக்கம் போய் ரேவதி மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், எதனாச்சும் வந்துச்சா?"

"எனக்கு வராதுக்கா. கீர்த்துவுக்குத்தான் வரும். ஏன், அவ எதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல மேடம். அதான்."

இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து தூங்கிய தனசேகர் மத்தியானம் எழுந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "இன்னாது, கடலையே மொண்டு ஊத்திட்டியா?" குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். கீர்த்தனா மட்டும் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

சாயங்காலம், "அம்மா, கரைக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

சாலையைத் தாண்டிக் கருங்கல்மேல் உட்கார்ந்தோம். தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கப்பல்கள் நின்றன. காற்று கிழக்கிலிருந்து வந்தது. கீர்த்தனா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கெடச்சிடுச்சும்மா."

"எப்போ?"

"காலைல. மீன் வாங்கும்போது."

"காலைல வந்துச்சா? இவ்ளோ நேரம் ஏன்டி சொல்லல? நான் ஒரு நாள் பூரா பைத்தியமா சுத்திகினு இருக்கறன்!"

"சொல்லிட்டா நீ என்னை ஊருக்குப் போற பொண்ணா பாக்க ஆரம்பிச்சிருவ. திட்ட மாட்ட. மீன் ஆயச் சொல்ல மாட்ட. பாக்கும்போதெல்லாம் கண்ணு கலங்கும். இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருக்கலாம்னு தோணுச்சு."

அவள் சொன்ன மாதிரியே என் கண் அதற்குள் கலங்கிவிட்டிருந்தது. அதை அவள் பார்க்கக்கூடாதே என்று கப்பலைப் பார்த்தேன்.

"நாளைக்குள்ள பதில் சொல்லணும்மா. வரேன், வரலன்னு."

"நீ இன்னா நெனைக்கிற?"

"தெரியலமா. அது வர்ற வரைக்கும் வேணும்னு இருந்துச்சு. வந்ததும் பதில் போட மனசு வரல. நீ சொல்லு."

அம்மனிடமே சொல்லத் தெரியாதவள் நான்.

நீலப் பட்டன்

வீட்டுக்கு வந்து தனசேகரிடம் சொன்னோம். குதிப்பார், குமாருக்குப் போன் போடுவார், மறுபடி பேனர் வரும் என்று நினைத்தேன். அவர் அப்படியே நின்றார். அத்தனை மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், முதல் தடவையாகக் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

"அவ்ளோ தூரமா?"

"தெரிஞ்சதுதானே நைனா."

"தெரியும். தெரியும்…" தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். "இல்ல, அவசரம்னா நான் எப்டி வர்றது? டெல்லின்னாகூட வண்டிய எடுத்துகினு வந்துடுவேன். ரோடு கீது. அங்க ரோடே கிடையாதேம்மா."

கீர்த்தனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்ததா, பதில் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போகவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவரும் சந்தோஷப்பட்டிருப்பார். கல்லூரி அரை மணி நேரத்தில் இருக்கிறது. சாப்பாடு கட்டிக் கொடுத்தால் போதும். எல்லாக் காரணமும் என் வாயில் தயாராக இருந்தது.

"போனக் குடுடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போனைத் திறந்து நீட்டினாள். அடியில் இரண்டு பட்டன். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை.

"வரேன்னு சொல்றது எது?"

"நீலம்."

அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் கழுவிய ஈரம் விரலிலேயே இருந்தது.

"தொடச்சிட்டு அமுத்து" என்றார் தனசேகர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தினேன். அப்போதும் நகரவில்லை. கீர்த்தனா என் கட்டைவிரலின் மேல் தன் விரலை வைத்தாள். அவள் அழுத்தினாளா, நான் அழுத்தினேனா தெரியாது. திரை மாறியது. மேலிருந்து பொடிப் பொடியாகக் கலர் காகிதத் துண்டுகள் கொட்ட ஆரம்பித்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா. நிற்காமல் கொட்டின.

நான் பயந்துபோனேன். "இன்னாடி இது, கெட்டுப் போச்சா?"

"இல்லமா. சந்தோஷப்படுறாங்க."

"யாரு?"

தனசேகர் மெல்ல வந்து எங்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அது கொட்டி ஓய்கிற வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.